மொறிஸ் மைனருக்கு எலக்ரிக் ஃபான் போடுறதோ, இருக்கிற ஃபானை மாத்துறதோ? நிண்டா ஹீற் ஏறுது

மைனர்1000:

வணக்கம் எல்லாருக்கும். நான் முள்ளியவளை. அப்பான்ர மொறிஸ் மைனர் 1000 ஒண்டு என்னட்டைக் கிடக்கு, 1964ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி, ஸ்ரீ நம்பர். 2006இல ஏ9 பூட்டுப்பட முந்தி ஏதோ அலுவலா வவுனியாவுக்குக் கொண்டுபோய் மாமா வீட்டுக் கொட்டிலுக்க விட்டதால தப்பினது, இஞ்ச நிண்டிருந்தா 2009ஓட அதுவும் போயிருக்கும். ரெண்டு வருசமா காசு வாற நேரம் பாத்துப் பாத்துச் செய்து இப்பதான் ரோட்டில இறக்கியிருக்கிறன்.

பிரச்சினை ஹீற். ஓடேக்க இல்லை, நிக்கேக்கதான். ஒட்டுசுட்டானால மாங்குளம் போய் ஏ9இல ஏறி 50, 60இல போனா மீற்றர் 82, 84இல ஆடாமல் நிக்கும் (மைனருக்கு கொம்பனி ஹீற் மீற்றர் வைக்கேல்லத்தானே, இது நான் தனிய வாங்கிப் பூட்டினது). போன கிழமை அம்மாவை ஏத்திக்கொண்டு கிளிநொச்சிக்குப் போற வழியில முறிகண்டியில நிப்பாட்டினன், பிள்ளையாரடியில நிப்பாட்டாமல் போக ஏலுமே, எஞ்சினை ஓடவிட்டுட்டுத்தான் இறங்கினன் ஏனெண்டா சூட்டோட ஓஃப் பண்ணினா திரும்ப ஸ்ராட் எடுக்கச் சரியாக் கரைச்சல் தரும், அம்மா தேங்காய் உடைச்சு கற்பூரம் கொளுத்தி ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு வாறதுக்கிடையில 104. அதுக்கு முதல் வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன வாகனங்களுக்கு நடுவில அம்பிட்டு மூடியாலயே சீறிக்கொண்டு தண்ணி வெளிய வந்திட்டுது. சனமெல்லாம் சுத்தி நிண்டு பாக்குது, கண்ணகியின்ர கோவம் தம்பியின்ர காருக்க வந்திட்டுது எண்டு ஒரு பெரியவர் பகிடி வேற.

தேமோஸ்ரற் புதுசு, 82. தண்ணிப் பம்ப் புதுசு, பெல்ற் புதுசு. றேடியேற்றர் மூடி 7 றாத்தல் அமுக்கத்துக்கு. பற்றரியைச் சார்ஜ் பண்ணுறது பழைய டைனமோதான், ஓல்ரனேற்றர் இல்லை. பற்றரியின்ர பிளஸ் பக்கம் காரின்ர பொடியில பூட்டின பொசிற்றிவ் ஏர்த் அப்பிடியே கிடக்கு.

கிளிநொச்சியில ஒரு கராச்சில காட்ட, உந்தத் தகட்டு ஃபானைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அல்டோவின்ர எலக்ரிக் ஃபானைப் போடுங்கோ, கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில குவிச்சுக் கிடக்கு எண்டு சொல்லுறாங்கள். இன்னொரு அண்ணை சொல்லுறார் இங்கிலாந்தில மைனருக்கெண்டே கன இலையுள்ள பிளாஸ்ரிக் ஃபான் விக்கினம், பெல்றிலயே ஓடும், அதை எடுப்பியுங்கோ எண்டு. எது நல்லம்? எலக்ரிக் எண்டா எத்தினை இஞ்சி, முன்னுக்கோ பின்னுக்கோ? வெய்யில் வேற கொளுத்துது, கெதியா ஒரு முடிவு எடுக்கவேணும்.


பரந்தன்_வயர்மன்:

தம்பி, நிண்டா ஏறுது ஓடினா இறங்குது எண்டா காத்துத்தான் காணேல்ல. 50க்கு மேல போகேக்க முகப்பால வாற காத்தே றேடியேற்றருக்குக் காணும், அந்த நேரம் ஃபான் சும்மா கூடச் சுத்துது. நிக்கேக்கதான் அதுக்கு வேலை, ஆனா பெல்ற் ஃபான் எஞ்சின் மெதுவா ஓடேக்க தானும் மெதுவாத்தானே சுத்தும். எலக்ரிக் அப்பிடியில்லை, எஞ்சின் என்ன வேகத்தில ஓடினாலும் அது தன்ர முழு வேகத்தில இழுக்கும். அதுதான் அதின்ர முழு நயமும்.

நான் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒண்டுக்குப் போட்டு நாலு வருசம். சில விசயம் சொல்லுறன், கராச்சில சொல்ல மாட்டாங்கள்.

இடம் இருந்தா எஞ்சின் பக்கத்தில வைச்சு இழுக்கிற மாதிரித்தான் போடவேணும். முன்னுக்கு வைச்சுத் தள்ளுற மாதிரிப் போட்டா ஓடேக்க வாற காத்தை மோட்டரும் சட்டமும் மறைக்கும், இப்ப இல்லாத பிரச்சினை ஒண்டை நீங்களே வாங்கினமாதிரி. ஆனா மைனருக்கு பம்பின்ர மூக்குக்கும் றேடியேற்றருக்கும் இடையில இடம் சரியான குறைவு, தகட்டு ஃபானைக் கழட்டிப்போட்டு டேப் வைச்சு அளவுங்கோ, அளக்காமல் கொழும்புக்குக் காசு அனுப்பாதேங்கோ. அகலமும் அப்பிடித்தான், றேடியேற்றரின்ர கோரை (காத்துப் போற நடுப்பகுதி) எவ்வளவுக்கு மூடுதோ அவ்வளவுக்கு நல்லம், ஆனா கோரைவிட்டு வெளிய நிக்கிற இலை சும்மா காத்தைக் கடையும். மூடு தகடு இருக்கிற ஃபானாப் பாத்து எடுங்கோ, அது இல்லாட்டி ஃபானுக்கு நேர இருக்கிற வட்டத்தால மட்டும்தான் காத்து வரும், மூலையள் சும்மா கிடக்கும்.

பொசிற்றிவ் ஏர்த் எண்டதை மறந்திடாதேங்கோ. உந்த மோட்டர் காந்தம் வைச்சது, வயரை மாறிக் குடுத்தா மறுபக்கம் சுத்தும், காத்தை வெளிய தள்ளும். அல்டோ ஃபான் நெகற்றிவ் ஏர்த்துக்குச் செய்தது, அதின்ர பிளஸ் வயர்தான் உங்கட பொடிக்குப் போகவேணும். ஒரு பெடியன் மாறிக் குடுத்துப்போட்டு ஃபான் பிழை ஃபான் பிழை எண்டு ரெண்டு ஃபான் மாத்தினவன்.

றிலே (சின்னக் கரண்டில பெரிய கரண்டைத் திறந்து விடுற சுவிச்) இல்லாமல் சுவிச்சில நேர குடுக்கக் கூடாது. பியூஸ் பற்றரிக்குக் கிட்ட. ஹீற் சுவிச் 90, 92இல ஓனாகி 86 அளவில ஓஃபாகிற மாதிரி. உங்கட தேமோஸ்ரற் 82, அதைவிடக் குறைய வைச்சீங்களெண்டா ஃபான் ஒருநாளும் நிக்காது. கடைசியா ஒண்டு, கோருக்குள்ளால குத்தி இழுக்கிற பிளாஸ்ரிக் பின் குடுப்பாங்கள், அதைக் குப்பையில போடுங்கோ. ஆடி ஆடித் தண்ணிக் குழாயை அராவிப்போடும், பிறகு ஒட்டக் குடுக்கிற காசுக்கு இன்னொரு ஃபான் வாங்கலாம். தகட்டில ரெண்டு பட்டி அடிச்சுப் பூட்டுங்கோ.


பழைய_சாவி:

தம்பி, ஃபான் வாங்க முதல் ஒண்டு கேக்கிறன், உம்மட ஃபானில எத்தினை இலை? எண்ணிப்போட்டு வந்து சொல்லும்.

ஏன் கேக்கிறன் எண்டா, நான் 1980களில தொடங்கி புதுக்குடியிருப்பில கராச் வைச்சிருந்தனான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில பெற்றோல் எண்டுறது மருந்துப் போத்தில் மாதிரி. கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெய். சின்னப் போத்திலுக்க பெற்றோல் வைச்சு சேலைன் குழாயால காபரேற்றருக்கு நாலு துளி விட்டு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. இது தெரியாத ஆள் வன்னியில இல்லை. ஆனா பெடியளுக்குத் தெரியாத ஒண்டு இருக்கு, மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில வடிவா ஆவியாகாது. புகையும், மிஸ் பண்ணும், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனால கீழ இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், ஒயில் தண்ணியானா பெயாரிங் போச்சு. அதால எஞ்சினை எப்பவும் சூடா வைச்சிருக்கவேணும். இங்கிலீசுக்காரனும் அந்தக் காலத்து மண்ணெண்ணெய் உழவு மிசினுகளுக்கு றேடியேற்றருக்கு முன்னால திரை வைச்சுத்தான் விட்டவன், அதே காரணத்துக்குத்தான். நாங்கள் திரைக்கு எங்க போறது? சாக்குக் கட்டினம், காட்போட் மட்டை செருகினம். சிலபேர் ஃபானிலயே கை வைச்சவை. நாலு இலை ஃபான் ரெண்டு தகட்டைக் குறுக்க வைச்சு றிவிற் அடிச்சதா இருந்தா, றிவிற்றைத் துளைச்சு ஒரு தகட்டை எடுத்துப்போட்டு ரெண்டு இலையோட ஓட விட்டவை. நானே செய்து குடுத்திருக்கிறன், ஒண்டு ரெண்டல்ல.

உம்மட அப்பா அந்தக் காலத்தில காரை இஞ்சயோ ஓட்டினவர்? அப்பிடியெண்டா ஃபானின்ர நடுவை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிப் பாரும். வெறும் ஓட்டையள் கிடந்தா அதுதான் விசயம்.

மற்றது ஸ்பார்க். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டும், அதால ஸ்பார்க் வாற நேரத்தை, ரைமிங்கை, பின்னுக்கு இழுத்து வைக்கிறது. அதை ஆரும் திரும்ப முன்னுக்கு வைச்சதோ? இப்ப நீர் அடிக்கிறது 92 பெற்றோல். ரைமிங் பிந்தினா நெருப்பு சிலிண்டருக்க எரிஞ்சு முடியாமல் எக்சோஸ்ற் வழிய எரிஞ்சுகொண்டு போகும், அந்தச் சூடு முழுக்கத் தண்ணிக்குத்தான் ஏறும். உதுக்கு எத்தினை ஃபான் பூட்டினாலும் சரிவராது.


ஈஸ்ற்ஹாம்_மாமா:

ஐயா எழுதினதை வாசிக்க அந்த மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில ஏறுது. பள்ளிக்கூடம் விட்டு வரேக்க ஒரு கார் கடந்து போனா ஐஞ்சு நிமிசத்துக்கு ரோட்டுத் தெரியாது.

நான் லண்டனில ஒரு மைனர் ட்ரவலர் வைச்சிருக்கிறன், மரச் சட்டம் வைச்ச பின்பக்கம் உள்ளது. இஞ்ச ஹீற் பிரச்சினை மருந்துக்கும் இல்லை, காலமை சூடாக்கிறதுதான் பாடு. தம்பி கேட்ட பிளாஸ்ரிக் ஃபான் இஞ்ச எடுக்கலாம், பாரம் குறைவு, சத்தம் குறைவு, காத்தும் நல்லா இழுக்கும். ஆனா பம்பின்ர கப்பிக்குப் பொருந்துதோ, முன்னுக்கு எவ்வளவு நீட்டி நிக்குமோ எண்டு பாக்கோணும், எஞ்சின் ரப்பர் மவுண்ட் பழசெண்டா பிரேக் அடிக்கேக்க எஞ்சின் முன்னுக்கு அசைஞ்சு இலை போய் றேடியேற்றரில உரசும். எனக்கு உரசினது. கோரில வட்டமா ஒரு கோடு, சாப்பாட்டுக் கோப்பை வைச்சு வரைஞ்ச மாதிரி.

ஃபானைக் கழட்டினா திருப்பிப் பூட்டுறதில கவனம். முன்பின் மாறிப் பூட்டினா காத்து மறுபக்கம் வீசும் எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடியில்லை, அதே பக்கம்தான் வீசும், ஆனா இலையின்ர வளைவு பிழையான பக்கம் வந்து பாதிக் காத்துத்தான் வரும். பாத்தாக் கண்டுபிடிக்கவே ஏலாது.

தம்பிக்கு ஒரு சந்தோசச் செய்தி, 104இல நீங்கள் பயந்தாலும் தண்ணி அப்ப கொதிக்கேல்ல. 7 றாத்தல் மூடி சரியாப் பிடிச்சா 111 அளவிலதான் கொதிக்கும். வற்றாப்பளையில சீறினதெண்டா ஒண்டில் அதையும் தாண்டிட்டுது, இல்லாட்டி மூடியின்ர ரப்பர் செத்துப்போச்சு. மூடியை மாத்துங்கோ, மலிஞ்ச சாமான்.


பரந்தன்_வயர்மன்:

ஐயா சொன்ன ரெண்டு இலைக் கதை எனக்கும் புதுசு. எண்டாலும் எலக்ரிக் போட்டா ரெண்டு இலையோ நாலு இலையோ எண்ட பிரச்சினையே வராதே.


பழைய_சாவி:

வயர்மன் தம்பி, நீர் கேம்பிரிட்ஜுக்கு ஓல்ரனேற்றர் மாத்தினனீரோ இல்லையோ, அதைச் சொல்லாமல் விட்டிட்டீர்.

மைனருக்கு வாறது லூக்காஸ் சி40 டைனமோ. முழு வேகத்தில 22 ஆம்ப் தரும், அதுவும் கொம்யூற்றேற்றர் சுத்தமா இருந்தா. எஞ்சின் சும்மா நிண்டு ஓடேக்க ஒண்டும் தராது, இக்னிஷன் லைற் மங்கலா எரியுதே, அது சும்மா எரியேல்ல. உம்மட ஃபான் எப்ப ஓடப்போகுது? எஞ்சின் நிண்டு ஓடேக்க. அப்ப கரண்ட் எங்கயிருந்து? பற்றரியில இருந்து. ஃபானுக்கு ஒரு 8 ஆம்ப், இரவெண்டா பெரிய லைற்றுக்கு ஒரு 8, கோயிலுக்கு ஒரு 3. கோயில் எண்டா இக்னிஷன் கோயில், வற்றாப்பளை இல்லை. பொங்கல் இரவு ஒரு மணித்தியாலம் வரிசையில நிண்டா கார் கொதிக்காது, சரி, ஆனா பற்றரி இறங்கித் தள்ளவேண்டி வரும். தள்ளுறதுக்கு அண்டைக்குச் சனம் இருக்குத்தான்.

எலக்ரிக் பிழையெண்டு நான் சொல்லேல்ல. போடுறதெண்டா ஓல்ரனேற்றரோட சேத்துப் போடவேணும். ஓல்ரனேற்றர் போட்டா நெகற்றிவ் ஏர்த்துக்கு மாத்தவேணும், கோயிலின்ர ரெண்டு வயரையும் மாத்திக் குடுக்கவேணும், புதுசா வாற எலக்ரோனிக் பெற்றோல் பம்ப் போட்டிருந்தா அதையும் பாக்கவேணும், இல்லாட்டிப் புகையும். ஒரு ஃபான் மாத்தப் போய் காரின்ர அரைவாசி வயரிங் மாத்தின கதையாப் போயிடும்.


பரந்தன்_வயர்மன்:

ஓம் ஐயா, ஓல்ரனேற்றர் போட்டுத்தான் ஓடுறன். எழுத மறந்திட்டன், அது என்ர பிழை. டைனமோவோட போடச்சொல்லி நானும் சொல்ல மாட்டன்.

ஆனா தம்பி, காரை வைச்சு இரவில ஓடுற ஆளெண்டா ஓல்ரனேற்றர் எப்பிடியும் ஒருநாள் தேவைதான். அதை யோசிச்சு வையுங்கோ.


மைனர்1000:

ஐயா, கும்பிட்டன். ரெண்டு இலை.

இவ்வளவு நாளும் மைனருக்கு ரெண்டு இலைதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். இண்டைக்குக் காலமை கழட்டிக் கழுவினன். நடுவில போல்ற் நாலையும் விட்டு, வெளிய இன்னும் நாலு ஓட்டை, பச்சைப் பெயின்ற் பூசி அடைபட்டுக் கிடந்தது, ஊசியாலதான் குத்தி எடுத்தன். தகட்டில குறுக்க ஒரு பட்டை மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக் கிடக்கு, இன்னொரு தகடு அதுக்கு மேல கிடந்த அடையாளம். படம் போட்டிருக்கிறன் பாருங்கோ.

அம்மாட்டைக் கேட்டன். “ஓம், அப்பா கழட்டினவர், அது கனகாலம் கோழிக்கூட்டுக் கதவுக்கு முண்டாக் கிடந்தது” எண்டு சொல்லுறா. எங்க இப்ப எண்டு கேட்டா, “இடம்பெயரேக்க கோழிக்கூட்டைக் கொண்டோ போனனாங்கள்” எண்டு என்னைத்தான் பேசுறா.

அப்ப இன்னொரு தகடு வெட்டி அடிக்கலாமோ? எங்கட பக்கத்தில வெல்டிங் நல்லாச் செய்யிற ஒருத்தர் இருக்கிறார்.


பழைய_சாவி:

வேண்டாம். கேற் செய்யிற வெல்டிங் வேற, இது வேற. ஒரு இலைக்கும் மற்ற இலைக்கும் கொஞ்சம் நிறை வித்தியாசம் வந்தாலும் ஃபான் நடுங்கும், நடுங்கினா நீர் புதுசாப் போட்ட பம்பின்ர பெயாரிங்தான் முதல் போகும். அதோட வெல்ட் விட்டு ஒரு இலை பறந்தா பொனற்றைக் கிழிச்சுக்கொண்டு வெளிய வரும். பொனற்றைத் திறந்து வைச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறவனுக்கு என்ன நடக்கும் எண்டு எழுதத் தேவையில்லை.

முழு நாலு இலை ஃபானா ஒண்டு தேடும். பழசெண்டா பூட்ட முதல் வெடிப்புப் பாக்கவேணும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இலை தொடங்கிற அடியிலதான் வரும். எப்பிடிப் பாக்கிறதெண்டா தகட்டை வடிவாச் சுரண்டிப் பெயின்ற் எடுத்து மண்ணெண்ணெயில ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, துணியால ஒட்டத் துடைச்சுப்போட்டு பள்ளிக்கூடச் சோக்கை மாவாக்கித் தடவும். வெடிப்பு இருந்தா உள்ளுக்கு போன மண்ணெண்ணெய் திரும்ப ஊறி வந்து சோக்கில மயிர்க் கோடு மாதிரி ஈரமாக் காட்டும். கோடு தெரிஞ்சா அந்த ஃபானைக் கோழிக்கூட்டுக்குக் குடுத்துவிடும்.

அதோட றேடியேற்றரையும் விடாதேயும். கார் கன வருசம் கொட்டிலுக்க கிடந்ததுதானே. எங்கட கிணத்துத் தண்ணி என்ன மாதிரி எண்டு கேத்தலுக்க பாத்தாத் தெரியும், அடியில வெள்ளையாச் சுண்ணாம்புக் கட்டி. அதே தண்ணிதான் உந்தக் குழாயுக்குள்ளயும். ரெண்டு ஹோஸையும் கழட்டி மேலால குழாயை விட்டுப் பாரும், ஊத்திற வேகத்தில கீழ போகவேணும். மேல தேங்கி வழிஞ்சா உள்ளுக்க அடைப்பு. எலுமிச்சம்புளி உப்பு, கடையில சிற்றிக் அசிட் எண்டு கேட்டாத் தருவான், அதைக் கரைச்சு விட்டு எஞ்சினைச் சூடாக்கி அரை மணித்தியாலம் ஓடவிட்டு இறக்கி, பேந்து அப்பச்சோடாத் தண்ணியால ஒருக்கா, பேந்து வெறும் தண்ணியால தெளிஞ்சு வரும்வரைக்கும். புளொக்கில பின்பக்கமா ஒரு தண்ணித் திறப்பு இருக்கும், அதையும் திறவும். திறந்தாலும் ஒண்டும் வராது, சேறு இறுகி இருக்கும், கம்பியாலதான் குத்தவேணும்.

வெளிப்பக்கமும் பாரும். வெட்டுக் காலத்தில வயல் ரோட்டால ஓடினா கோருக்க பதரும் பூச்சியும் பஞ்சு மாதிரி அடையும். எஞ்சின் பக்கத்தில இருந்து முன்னுக்கு ஊதவேணும், முன்னாலயிருந்து ஊதினா இன்னும் உள்ளுக்க இறுக்கும்.


ஈஸ்ற்ஹாம்_மாமா:

திரும்ப நிரப்பேக்க மழைத் தண்ணியோ பற்றரிக்கு விடுற தண்ணியோ விடுங்கோ, அஞ்சு லீற்றர் அளவுதான் பிடிக்கும், பெரிய செலவில்லை. மூண்டில ஒரு பங்கு கூலன்ற். அது பனிக்கு எண்டு நினைச்சு அங்க கனபேர் விடுறேல்ல, வன்னியில என்ன பனி, ஆனா அதுக்குள்ள துருப் பிடிக்காமல் இருக்கிற மருந்து இருக்கு, இரும்பு புளொக்குக்கு அதுதான் தேவை.

ஒரு கதை. 1990களில எங்கட நாட்டில, தெற்குப் பக்கம், மைனருக்குப் பொடித் தகடுகள் அடிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பினவங்கள். இஞ்ச செய்து அங்க ஓடி, பேந்து அங்க செய்து இஞ்ச வந்து... என்ர ட்ரவலரின்ர ஒரு மட்காட்டும் அப்பிடி வந்ததெண்டு விக்கேக்க சொன்னவன். உண்மையோ பொய்யோ, நான் நம்பிப்போட்டன்.


மைனர்1000:

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன், மன்னிக்கவேணும், வயல் வேலை.

வவுனியாவில பழைய சாமான் கடை ஒண்டில நாலு இலை ஃபான் ரெண்டு கிடந்தது. நல்லதாத் தெரிஞ்சதை எடுத்துக்கொண்டு வந்து ஐயா சொன்னமாதிரி மண்ணெண்ணெயில ஊறவிட்டு சோக் தடவினன். முதல் ஒண்டும் தெரியேல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாக்க, ஒரு இலையின்ர அடியில, றிவிற்றில தொடங்கி சின்ன விரல் நகமளவுக்கு ஒரு ஈரக் கோடு. விரலால தடவினா ஒண்டும் தட்டுப்படேல்ல, வெளிச்சத்துக்குப் பிடிச்சாலும் தெரியேல்ல, சோக்கில மட்டும் அப்பிடியே கீறி விட்டமாதிரி. உடம்பு ஒருக்காக் கூசினது. திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்து மற்றதை எடுத்தன், கடைக்காரர் நல்ல மனுசன், பேசாமல் மாத்தித் தந்தவர். அதை ரெண்டு தரம் சோக் பாத்தனான்.

றேடியேற்றர் தண்ணி ஊத்திப் பாக்க மேலால வழிஞ்சது. சிற்றிக் அசிட் விட்டு இறக்கினா முதல் வாளி தேத்தண்ணிச் சாயம், ரெண்டாவது வாளி கஞ்சி மாதிரி வெள்ளை. புளொக்கின்ர பின் திறப்பால கம்பி விட்டு விட்டுக் குத்தி ஒரு சிரட்டை அளவு சேறு எடுத்தன். ரைமிங்கும் பிந்தித்தான் கிடந்தது, லைற் வைச்சு வடிவாச் செற் பண்ணினாங்கள், கார் இப்ப இழுக்கிற இழுவையே வேற. மூடியும் புதுசு.

போன வெள்ளி முறிகண்டி. வேணுமெண்டே எஞ்சினை ஓடவிட்டு இருவது நிமிசம் நிப்பாட்டி வைச்சன், மத்தியானம், சோளகக் காத்தும் அண்டைக்கு இல்லை. 93, 94, அங்காலை ஏறேல்ல. கச்சான் சுத்தி வந்த பேப்பரை முகப்புக் கிறிலில ஒருக்காப் பிடிச்சுப் பாத்தன், கையை விட அப்பிடியே ஒட்டிக்கொண்டு நிக்குது. அம்மா காருக்குள்ள இருந்துகொண்டு “என்ன, காருக்கும் திருநீறு பூசுறியோ” எண்டு கேக்கிறா.

எலக்ரிக் இப்போதைக்கு இல்லை. வயர்மன் அண்ணை குறை நினைக்காதேங்கோ, ஓல்ரனேற்றர் போடுற அண்டைக்கு உங்களைத்தான் தேடி வருவன்.

ஒரு சின்ன விசயம், நேற்றுத் தொடக்கம் பம்பின்ர அடியால ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விழுது. பம்ப் புதுசு, ஃபானும் நடுங்கேல்ல. ஏன்?


பழைய_சாவி:

பெல்றை எவ்வளவு இறுக்கினனீர்?


மைனர்1000:

ஃபான் பெரிசெண்டபடியா நல்லா விறைக்க இழுத்து விட்டனான் ஐயா. வீணைக் கம்பி மாதிரி.


பழைய_சாவி:

உதுதான். நீளமான பக்கத்தில நடுவில பெருவிரலால அமத்தினா அரை இஞ்சி தாழவேணும். இப்பவே தளத்தும், காலமை வரைக்கும் வைச்சிராதேயும். தளத்தியும் சொட்டினா பம்பைக் கழட்டிக்கொண்டு வாரும், பாப்பம்.